என்-5 முதல் என்-1 வரை: ஜப்பான் மொழிச் சான்றிதழை எப்படி வாசிப்பது?

சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது, எங்கள் பகுதியில் சில்லறைக் கடை நடத்தும் ஒரு ஹாஜியார் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"நானா, மகன் ஜப்பானுக்குப் போகப் போறான். என்-5 எடுத்தாப் போதும், ஃபெக்டரி வேலை நிச்சயம் எண்டு ஏஜென்சில சொல்றாங்க. முதல்ல ஆறு இலட்சம் கட்டணுமாம். நீங்க ஜப்பான் சாமான் செய்யிற ஆள்தானே, இந்த என்-5 எண்டா என்ன?"

"காசு கட்டிட்டீங்களா ஹாஜி?" என்று கேட்டேன்.

"இன்னம் இல்ல. வெள்ளிக்கிழமை கட்டணும்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மகனை அனுப்பும் வாப்பாமாருக்கு மட்டுமல்ல, ஜப்பானோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் நம் வியாபாரிகள், கடைக்கு "ஜப்பான் பாஷை தெரிந்த பொடியன்" ஒருவரைத் தேடும் முதலாளிமார் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

ஜே.எல்.பி.டீ. என்று சொல்லப்படும் ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை 1984 இல் ஆரம்பமானது. ஜப்பான் பவுண்டேஷனும் ஜப்பானின் கல்விப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றும் சேர்ந்து இதை நடத்துகின்றன. ஜூலை முதல் ஞாயிறு, டிசம்பர் முதல் ஞாயிறு என்று வருடத்தில் இரண்டு நாட்கள்தாம் பரீட்சை. எல்லா நாட்டிலும் எல்லா நகரத்திலும் இரண்டு தடவையும் நடப்பதில்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் முந்தியே மூடிவிடும். "அடுத்த மாதமே என்-4 எழுத வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், முதலில் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் நான்கு மட்டங்களே இருந்தன. 2010 இல் அதை ஐந்தாக்கி, முன்னால் 'என்' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். புதியது என்ற பொருள் தரும் 'நியூ', ஜப்பான் மொழியைக் குறிக்கும் 'நிஹொங்கோ' ஆகிய இரண்டுக்கும் அந்த ஒரே எழுத்து. என்-5 அடிமட்டம், என்-1 உச்சம். வாகனம் செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஏலத் தாளில் தரம் 5 என்றால் நல்ல வண்டி, 3 என்றால் யோசிக்க வேண்டிய வண்டி. மொழிச் சான்றிதழில் அது தலைகீழ். "மூன்றைவிட ஐந்து பெரிசுதானே" என்று சொல்லி, என்-5 காரருக்குக் கூடுதல் சம்பளம் பேசிய முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரு மட்டத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பழைய நான்கு மட்டங்களின் கணக்கை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இன்றைய என்-5 க்குச் சமமான பழைய நான்காம் மட்டத்துக்குச் சுமார் 100 கன்ஜி எழுத்துகளும் 800 சொற்களும் 150 மணி நேரப் படிப்பும் வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதற்கு மேலே, இன்றைய என்-4 இன் அளவுக்கு, 300 கன்ஜி, 1500 சொற்கள், 300 மணி நேரம். அடுத்த படியில், அதாவது இன்றைய என்-2 இல், 1000 கன்ஜி, 6000 சொற்கள், 600 மணி நேரம். உச்சத்தில் 2000 கன்ஜி, 10,000 சொற்கள், 900 மணி நேரம். முந்நூறிலிருந்து ஆயிரத்துக்கு ஒரே தாவலில் ஏற முடியாமல் நிறையப் பேர் நடுவில் நின்றுபோனதால்தான், 2010 இல் அந்த இடைவெளியில் என்-3 என்ற படியை வைத்தார்கள். இப்போது இப்படிச் சொல் எண்ணிக்கைப் பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை. ஆனாலும் தூரம் தெரிய இந்தக் கணக்குப் போதும்.

மூன்று மாதத்தில் என்-4 என்று விளம்பரம் போடுகிறார்கள். 300 மணியைத் தொண்ணூறு நாளால் வகுத்துப் பாருங்கள். ஜும்ஆ நாள், பெருநாள், காய்ச்சல் வந்த நாள் எதையும் கழிக்காமல் தினமும் மூன்றே கால் மணிக்கு மேல் வருகிறது. முழுநேர வகுப்பில் இருக்கும் பிள்ளை செய்யலாம். கடையில் நின்றுகொண்டு பின்னேரம் வகுப்புக்கு ஓடும் பிள்ளையால் முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இலக்கணத்தில் ஒரு சலுகை இருக்கிறது. 'நான் கடைக்குப் போகிறேன்' என்பதை ஜப்பான்காரர் 'வத்தாஷி வா மிஸே நி இகிமஸு' என்பார். மிஸே என்றால் கடை, 'நி' நம்முடைய 'கு', இகிமஸு என்பது போவது. நம் வசனத்தைப் போலவே வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலம் மூலம் படிக்கிறவன் தலையைச் சொறியும் இடத்தில் தமிழ் பேசும் பிள்ளை விரைவாகக் கடந்துவிடும். சுமையெல்லாம் கன்ஜியில்தான்.

பரீட்சை எதை அளக்கிறது?

வியாபாரிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. ஜே.எல்.பி.டீ. அளப்பது சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, செவிமடுத்தல் ஆகியவற்றை மட்டுமே. தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிந்து புள்ளடியிடும் முறை. பேச்சுப் பரீட்சையும் எழுத்துப் பரீட்சையும் அதில் இல்லை. குர்ஆனை மிக அழகாக ஓதும் நம் பிள்ளை, ஜித்தாவிலிருந்து வரும் தொலைபேசிக்கு அரபியில் பதில் சொல்லத் தடுமாறுவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, என்-2 சித்தியடைந்த ஒருவர் ஒசாக்காவிலிருந்து அழைப்பு வந்ததும் வாயடைத்து நிற்கலாம். அது பொய்ச் சான்றிதழ் என்று ஆகிவிடாது. பேச்சு என்பது அந்தப் பரீட்சை கேட்காத விடயம்.

மொத்தப் புள்ளி 180. சித்தியடைய என்-1 க்கு 100, என்-2 க்கு 90, என்-3 க்கு 95, என்-4 க்கு 90, என்-5 க்கு 80 வேண்டும். மொத்தம் இருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்சப் புள்ளி எடுக்காவிட்டால் சித்தியில்லை. செவிமடுத்தலில் அறுபதுக்குப் பத்தொன்பது அந்த எல்லை. ஆகவே என்-3 சித்தியடைந்த ஒருவர் 95 எடுத்தவராகவும் இருக்கலாம், 170 எடுத்தவராகவும் இருக்கலாம். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது "என்-3 பாஸா?" என்று கேட்டு விட்டுவிடாமல், பகுதிவாரியாகப் புள்ளி உள்ள தாளைக் காட்டச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேச வைக்கப் போகிறீர்கள் என்றால் செவிமடுத்தல் புள்ளியைப் பாருங்கள். தாள்களை வாசிக்க வைக்கப் போகிறீர்கள் என்றால் வாசிப்புப் புள்ளி. 2025 டிசம்பர் பரீட்சையிலிருந்து ஏ-1, ஏ-2, பி-1 என்ற ஐரோப்பிய அளவுகோலின் குறிப்பையும் புள்ளித் தாளில் சேர்த்திருக்கிறார்கள்.

சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பாவிக்காத பாஷை துருப்பிடிக்கும். பத்து வருடத்துக்கு முந்திய என்-2 ஐக் கொண்டு வருபவரோடு கொஞ்ச நேரம் ஜப்பான் மொழியிலேயே யாரையாவது பேச வைத்துப் பாருங்கள்.

எனக்கு விழுந்த அடி

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2018 இல், என்-3 சித்தியடைந்த ஒரு தம்பியைக் கடைக்கு எடுத்தேன். நல்ல பிள்ளை, நேர்மையானவர். ஜப்பானிலிருந்து வரும் ஏலத் தாள்களை வாசித்துச் சொல்வது அவருடைய வேலை. ஒரு சிறிய வேனின் தாள் வந்தது. தரத்தில் 'ஆர்' என்று இருந்தது. ஆர் என்றால் திருத்திய வண்டி, அது எனக்கே தெரியும். விலை இறக்கம் என்பதால்தான் அதைப் பார்த்தேன். கீழே பரிசோதகர் கையால் கிறுக்கியிருந்ததில் இரண்டு கன்ஜி எழுத்துகள்.

"தண்ணி சம்பந்தமா ஏதோ எழுதியிருக்கு முதலாளி" என்றார் தம்பி.

"ரேடியேட்டர் தண்ணியா இருக்கும்" என்று நானே முடிவு செய்து விலை போட்டேன்.

வண்டி துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததும் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை. கார்ப்பெட்டைத் தூக்கினால் உலர்ந்த சேறு. ஒரு மாதத்துக்குள் மின் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அந்தச் சொல் 'கன்சுயி', வெள்ளத்தில் மூழ்கியது என்று பொருள். இரண்டாவது எழுத்து 'நீர்', அது என்-5 பிள்ளைக்கும் தெரியும். முதல் எழுத்து அந்தத் தம்பி படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. தெரிந்த பாதியை அவர் உண்மையாகவே சொன்னார். தெரியாத பாதியை நிரப்பியவன் நான்தான். வாங்கியவரிடம் மறைக்க முடியுமா? சொல்லித்தான் விற்றேன். வந்த விலை வாங்கிய விலையில் பாதியைச் சற்றுத் தாண்டியது.

ஏலத் தாளின் மொழி தனி மொழி. 'கிஸு' கீறல், 'ஹெகோமி' நெளிவு, 'சபி' துரு, 'கோகன்' மாற்றப்பட்டது, 'ஷூஃபுகுரெக்கி' விபத்துத் திருத்தல் வரலாறு, 'கைஸான்' மீட்டரைத் திருத்தியது. இவற்றில் பலவற்றை மொழி வகுப்பு என்-2 வரை தொடுவதே இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்தும் ஒரு நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். என்-1 காரரைத் தேடி அலைய வேண்டியதில்லை. என்-4 தெரிந்த ஒரு பிள்ளைக்கு இந்த நூறு சொல்லையும் பழைய தாள்களை வைத்துப் பழக்கினால் போதும். பிறகு நான் அதைத்தான் செய்தேன். இன்றும் யாரையாவது இந்த வேலைக்கு எடுப்பதென்றால், அந்த வேனின் தாளைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன். "இந்த எழுத்து எனக்குத் தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு வேலை கொடுப்பேன்.

வருடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் தாள்களில் வருடம் பேரரசர் காலப்படி வரும். 'எச்' என்றால் ஹெய்சேய், அதோடு 1988 ஐக் கூட்டுங்கள். எச் 29 என்றால் 2017. 'ஆர்' என்றால் ரெய்வா, அதோடு 2018 ஐக் கூட்டுங்கள். ஆர் 5 என்றால் 2023. வருடப் பெட்டியில் உள்ள ஆரும் தரப் பெட்டியில் உள்ள ஆரும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் திறந்தபோது, வண்டியின் வயது எல்லையைப் பலரும் மாதக்கணக்கில் எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. ஒரு வருடம் பிழைத்தால் எல்.சி. திறந்த பணம் துறைமுகத்தில் நின்றுவிடும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர்களுக்கு என்-5 கூட அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். கடகனா என்ற 46 அடிப்படை எழுத்துகளை இரண்டு மூன்று வாரத்தில் படித்துவிடலாம். பெட்டியில் இருக்கும் பெயர்களில் பெரும்பகுதி ஆங்கிலச் சொல்தான், ஜப்பான் வாயில் நுழைந்து வந்திருக்கும். 'பம்பா' பம்பர். 'ஹெத்தோ ரைத்தோ' ஹெட் லைட். சில மட்டும் ஏமாற்றும்: 'ஹந்தொரு' என்பது கதவுப்பிடி என்று நினைப்போம், அது ஸ்டீயரிங். 'ஃபுரொந்தோ கராஸு' முன் கண்ணாடி. 'உயின்கா' சிக்னல் விளக்கு. ஜப்பான் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே எழுத்துத்தான் சாப்பாட்டுக் கடையில் கைகொடுக்கும். 'ஸெராச்சின்', 'ராதோ' என்று கடகனாவில் இருந்தால் ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு என்று வாசித்துப் பக்கட்டை வைத்துவிடலாம். பன்றி இறைச்சிக்கான 'புத்தநிக்கு' என்ற இரண்டு கன்ஜியை மாத்திரம் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

எந்த மட்டத்துக்கு எந்தக் கதவு?

இனி ஹாஜியாரின் கேள்விக்கு வருகிறேன். என்-5 ஐ வைத்துப் பொதுவாகத் திறக்கும் கதவு மொழிப் பாடசாலையின் மாணவர் விசாதான். அதற்கு என்-5 அல்லது 150 மணி நேரம் படித்த அத்தாட்சி கேட்பார்கள். மாணவர் விசாவில் இருப்பவர், அனுமதி பெற்று, தவணைக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்திலேயே பாடசாலைக் கட்டணமும் வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்பலாம் என்று சொல்பவரிடம் கணக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லையை மீறி வேலை செய்து பிடிபட்டால் விசா நீடிப்பு கிடைக்காமல் போகும்.

தொழிலுக்கென்று 2019 ஏப்ரலில் ஜப்பான் திறந்த கதவு 'குறித்த திறன் தொழிலாளர்' விசா, ஜப்பான் மொழியில் 'தொகுதேய் கினோ'. அதே வருடம் ஜூனில் இலங்கை அரசும் இதற்காக ஜப்பானோடு உடன்பாடு செய்தது. இதற்கு என்-5 போதாது. என்-4 வேண்டும், அல்லது ஜே.எஃப்.டீ. பேசிக் என்ற கணினிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இந்த இரண்டாவது பரீட்சைக்கு ஜூலை, டிசம்பர் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. மொழியோடு முடிவதுமில்லை. அந்தந்தத் தொழிலுக்கான திறன் பரீட்சை தனியாக இருக்கிறது. முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர் பராமரிப்பு மொழிப் பரீட்சை ஒன்றையும் எழுத வேண்டும். இந்த விசாவின் முதல் வகையில் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் இருக்கலாம், குடும்பத்தை அழைக்க முடியாது. இரண்டாம் வகைக்கு உயர்ந்தால்தான் மனைவி பிள்ளைகள். திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

தொழில்நுட்பப் பயிலுனர் என்ற பழைய வழியில் மூன்று வருடத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்கு இந்த மொழிப் பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பயிலுனர் முறையையே மாற்றும் சட்டம் ஜப்பானில் 2024 இல் நிறைவேறியது. 2027 ஏப்ரலிலிருந்து என்று நாள் குறிக்கப்பட்ட புதிய முறையில், ஆரம்பத்தில் என்-5 அளவு மொழி கேட்கப்படுகிறது. 'என்-5 போதும்' என்ற பேச்சு பாதி இங்கிருந்து வருகிறது. ஆகவே எந்த விசா, அதன் பெயர் என்ன என்று கேட்காமல் 'என்-5 போதுமா' என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

என்-3 க்குத் தனியான பெரிய கதவு இல்லை. அது மேலே ஏறும் படி. என்-2 வந்துவிட்டால் நிலைமை மாறும். அலுவலக வேலை, மொழிபெயர்ப்பு, தொழிற் கல்லூரி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டில் படித்த டொக்டரோ தாதியோ ஜப்பானின் அனுமதிப் பரீட்சை எழுதுவதற்கு என்-1 வேண்டும். உயர்திறன் நிபுணர் விசாவின் புள்ளிக் கணக்கில் என்-1 க்கு 15 புள்ளி, என்-2 க்கு 10.

பெயர் மயக்கம் ஒன்றையும் கவனியுங்கள். நெட் டெஸ்ட் என்று வேறொரு பரீட்சை இருக்கிறது. அதிலும் ஐந்து மட்டம், வருடத்தில் பல தடவை நடக்கும். மொழிப் பாடசாலைகள் அதை ஏற்றுக்கொள்வதுண்டு. அது ஒன்றும் மோசமான பரீட்சை அல்ல. ஆனால் குறித்த திறன் விசாவுக்கு என்-4 இன் இடத்தில் அதை நீட்ட முடியாது. "என்-4 தானே, இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று சொல்லி இதை எழுத வைத்ததால் ஒரு வருடத்தை இழந்த பிள்ளை எங்கள் சொந்தத்திலேயே உண்டு. வியாபாரக் கடிதப் போக்குவரத்து, மரியாதைப் பேச்சு இவற்றை அளக்க பீ.ஜே.டீ. என்ற வர்த்தக மொழிப் பரீட்சையும் இருக்கிறது. ஜப்பான் கம்பனியோடு நேரடியாகப் பேச ஆள் எடுக்கும் முதலாளிமார் அந்தப் புள்ளியைக் கேட்கலாம். ஜப்பானில் யார்டில் எட்டு வருடம் வேலை செய்து வந்த ஒருவர் எனக்காக ஒரு தடவை தொலைபேசியில் பேசினார். தண்ணீர் போலப் பேசினார். மறுமுனையில் இருந்த வயதான வழங்குநர் அதன் பிறகு என் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை. கூட்டாளியிடம் பேசும் பேச்சில் ஒரு முதலாளியோடு பேசியிருக்கிறார் என்று பின்னர்தான் விளங்கியது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஹாஜியார் ஒரு துண்டுக் கடதாசி கேட்டார். விசாவின் பெயர் என்ன, அதற்குரிய திறன் பரீட்சை எது, இந்த ஆறு இலட்சத்துக்கு எந்தெந்தத் தலைப்பில் பற்றுச்சீட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனார். பொறுப்பானவர் வெளியே போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்களாம். திங்கட்கிழமையும் அதே பதில். பணம் இன்னும் அவருடைய வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. மகன் ஒரு மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார், என்-4 ஐ நினைத்து. நேற்றுக் கடைக்கு வந்து, பழைய ஏலத் தாள்கள் இருந்தால் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.